400 வாட்டும் மூங்கில் ஆன்டெனாவும்

"இந்த ஆன்டெனா எவ்வளவு பவர் தாங்கும்?" என்று யாராவது என்னிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர் நேரத்துக்கு வீடு போய்ச் சேர முடியாது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது இதைப் பேசியிருக்கிறேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி நடித்தபோதும் விடாமல் பேசியிருக்கிறேன். "ஆரம்பிச்சாச்சா?" என்று வீட்டில் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு வெட்கமே கிடையாது. உலகத்தில் இதைவிட ருசியான கேள்வி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ஒரு ஹாம். அதாவது அமெச்சூர் வானொலிக்காரன். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டி, ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆகாயம் வழியாகப் பேசுகிற கூட்டத்தில் ஒருவன். நம் நாட்டில் ஆரம்ப நிலை லைசென்ஸ்காரருக்குக் குறும்அலையில் 50 வாட், ஜெனரல் நிலைக்கு 400 வாட். அமெரிக்காக்காரர்களுக்கு 1500 வாட் வரை உண்டு, அதை நினைத்து நாங்கள் அவ்வப்போது பெருமூச்சு விடுவோம். கடையில் வாங்குகிற செட்டுகள் பெரும்பாலும் 100 வாட்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் லீனியர் என்று நாங்கள் சொல்லும் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வேண்டும். அந்த லீனியரை முதன்முதலாக ஆன் பண்ணுகிற ராத்திரி இருக்கிறதே, ஐயோ, அதற்கு வருகிறேன், பொறுங்கள்.

முதலில் ஒரு விஷயம். ஆன்டெனா என்றால் என்ன, ஒரு செப்புக் கம்பியோ அலுமினியக் குழாயோதானே, இதற்குப் போய் தாங்கும், தாங்காது என்று என்ன கணக்கு என்று தோன்றும். நியாயமான சந்தேகம். உண்மையும் அதுதான்: அந்தக் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. 400 வாட்டை 50 ஓம் கேபிளில் அனுப்பினால் 141 வோல்ட், மூன்று ஆம்பியருக்கும் குறைவு. மிக்ஸி சட்னி அரைக்கும்போது இழுப்பதைவிடக் கொஞ்சம் கம்மி. சுண்டுவிரல் தடிமன் குழாய்க்கு அது எறும்புக்கடி. ஆனால் ஆன்டெனா என்பது வெறும் குழாயா? கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒரு கனெக்டர், அதற்குப் பின்னால் பேலன் என்றொரு ஃபெரைட் வளையம், நீளத்தைக் குறைக்கச் சுற்றிய காயில், பல அலைவரிசைக்கு நடுநடுவே செருகிய டிராப், கம்பியை மரத்தில் கட்டுகிற இடத்தில் இன்சுலேட்டர். பெட்டியில் "1500 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள் பாருங்கள், அந்த எண்ணை முடிவு பண்ணுவது பளபளக்கிற இருபது அடி அலுமினியம் இல்லை, உள்ளே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் இந்தப் பொடிசுகள்தான். எது முதலில் சூடாகிக் கைவிடுகிறதோ, எது முதலில் பொறி விடுகிறதோ, அதுதான் அந்த ஆன்டெனாவின் எல்லை. இது புரிந்த நாளிலிருந்து எந்த ஆன்டெனாவைப் பார்த்தாலும் என் கண் கம்பிக்குப் போவதில்லை, நேராக மூலை முடுக்குக்குத்தான் போகிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கேபிளில் 141 வோல்ட்டாகச் சாதுவாக வந்த அதே 400 வாட், கம்பியில் ஏறியதும் சுபாவத்தை மாற்றிக்கொள்ளும். அரை அலைநீளக் கம்பியின் நடுவில் ஆம்பியர் அதிகம், வோல்ட் குறைவு. நுனியை நோக்கிப் போகப் போக ஆம்பியர் கரைந்து வோல்ட் ஏறும். நுனியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல்! மூன்று ஆம்பியருக்கே வழியில்லாத என் வீட்டுச் சின்ன ஸ்டேஷனில் ஆயிரம் வோல்ட்! தொட்டால் வழக்கமான கரண்ட் மாதிரி ஷாக் அடிக்காது. சுடும். தோலுக்கு உள்ளே வரைக்கும் சுடும், ஆற நாளாகும். அதனால்தான் எங்கள் ஆட்கள் கம்பி நுனியைக் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுகிறார்கள்.

இந்த நுனி வோல்ட்டை வைத்து உலகத்தில் ஒரு மகத்தான கதை இருக்கிறது. ஈக்வடார் நாட்டில் கீட்டோ. ஆண்டிஸ் மலைமேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் ஒரு தலைநகர். அங்கே எச்சிஜேபி என்று ஒரு கிறிஸ்தவ வானொலி நிலையம், 1931-இல் தொடங்கியது. உலகம் முழுக்கக் கேட்க வேண்டும் என்று 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரையும் பெரிய பீம் ஆன்டெனாவையும் ஏற்றினார்கள். ஏற்றினால், ராத்திரியில் அந்த ஆன்டெனாவின் நுனிகள் தீப்பிடித்த மாதிரி ஒளிர்கின்றன! அந்த உயரத்தில் காற்று மெலிசு. மெலிசான காற்று கொஞ்ச வோல்ட்டுக்கே உடைந்துவிடும். கடலோரத்தில் சும்மா கிடந்திருக்கக்கூடிய நுனி, அங்கே கொரோனா என்கிற மின்கசிவு ஒளி விட்டு எரிய ஆரம்பித்தது. நுனியிலிருந்த உலோகம் உருகிச் சொட்டியது. கற்பனை பண்ணிப் பாருங்கள்: கும்மிருட்டு, மலைக்காற்று, மேலே கோபுரத்தில் ஒரு ஆன்டெனா தன்னைத் தானே தின்றுகொண்டு ஊருக்குப் பிரசங்கம் ஒலிபரப்புகிறது!

அங்கே இருந்த பொறியாளர் கிளாரன்ஸ் மூர், அவரும் ஒரு ஹாம், 1942 வாக்கில் இந்தத் தலைவலிக்கு மருந்து தேடி உட்கார்ந்தார். நுனியில்தானே பிரச்சினை, நுனியே இல்லாவிட்டால்? கம்பியை வளைத்து முனையோடு முனை சேர்த்துச் சதுரமாக்கிவிட்டால்? ஒரு முழு அலைநீளத்துக்கு மூடிய சதுரம். வோல்ட் உயரும் இடம் அதிலும் இருக்கிறது, ஆனால் காற்றில் துருத்திக்கொண்டு நிற்கும் கூர்முனை கிடையாது, பொறி கிளம்ப இடமில்லை. எரிவது நின்றது. கியூபிகல் குவாட் என்று இன்றைக்கு உலகம் முழுக்க ஹாம்கள் கட்டுகிற ஆன்டெனா பிறந்தது இப்படித்தான். பவர் தாங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புது வடிவமே பிறந்திருக்கிறது ஐயா! இதைப் படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே ரெண்டு சுற்று நடந்தேன். உட்கார முடியவில்லை.

படித்ததோடு விடுவேனா? குவாட் ஒன்றை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று அரிப்பு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீடு. அங்கே ஒரு பெரியவர். மின்சார வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்து ஹாம்கள் எல்லோருக்கும் அவர் "அண்ணா". அவர் வீட்டு மாடியில் 14 மெகாஹெர்ட்ஸுக்கு ரெண்டு எலிமென்ட் குவாட், அதுவும் மூங்கிலில்! நல்ல முற்றின மூங்கிலாகப் பார்த்து வெட்டி, நிழலில் காயவைத்து, வார்னிஷ் மேல் வார்னிஷாக அடித்து, பெருக்கல் குறி வடிவில் கட்டி, அதன் நுனிகளைத் தொட்டுக்கொண்டு செப்புக் கம்பி ஓடுகிறது. ஒவ்வொரு பக்கமும் ஐந்தரை மீட்டர் சுமார். வைரக்கல் வாட்டத்தில் நிறுத்தியிருந்தார், கீழ் மூலையில் கேபிள் சேர்கிறது. அப்படியானால் வோல்ட் உச்சத்துக்குப் போவது இடது வலது மூலைகளில். அந்த ரெண்டு மூலையிலும் மட்டும் கம்பி மூங்கிலைத் தொடாதபடி ஒரு சாண் டெஃப்லான் குழாய் செருகி, அதன் மேல் நைலான் கயிறு சுற்றி, கயிற்றின் மேல் மெழுகு தடவியிருந்தார். மற்ற மூலைகளில் வெறும் பிளாஸ்டிக் டேப். "மழையில நனைஞ்ச மூங்கில் கரண்ட கடத்தும் தம்பி, இந்த ரெண்டு முனையில மட்டும் விட்டா மூங்கிலே கரியாயிடுமுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளாரன்ஸ் மூர் கீட்டோவில் பட்ட பாட்டுக்கு ஒரு சாண் டெஃப்லானில் மரியாதை!

இப்போது அந்த ராத்திரி. அண்ணா தானே கட்டிய லீனியர், ரெண்டு 813 வால்வு. வால்வு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, கைக்கு அடங்காத கண்ணாடிக் குடுவை அது. உள்ளே இழை மட்டும் 10 வோல்ட்டில் 5 ஆம்பியர் குடிக்கும். சுவிட்சைப் போட்டதும் டிரான்ஸ்பார்மர் "ம்ம்ம்" என்று அடிவயிற்றில் முனக, இழைகள் ரெண்டும் மெல்லச் சிவந்து, அப்புறம் வெளேரென்று பிரகாசமாகி, அறை விளக்கை அணைத்துவிட்டாலும் எதிரே இருப்பவர் மீசை நரை தெரிகிற அளவுக்கு வெளிச்சம். மேலே படிந்திருந்த தூசி சுட்டு ஒரு வாசனை வரும் பாருங்கள், கற்பூரமும் பழைய ரேடியோ கடையும் கலந்த வாசனை, அதை யாராவது சென்ட் பாட்டிலில் அடைத்து விற்றால் நான் முதல் ஆளாக நின்று வாங்குவேன். மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் அண்ணா. டிரான்ஸ்மிட் பண்ணும்போது மேலே ஈ காக்கை இருக்கக் கூடாது, அது அவர் வீட்டுச் சட்டம். ஆனால் பூட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் பண்ணியிருந்தார் மனுஷன். பியூஸ் போன நாலடி டியூப் லைட் ஒன்று, ரெண்டு முனையும் கறுத்துப்போய், குப்பைக்குப் போக வேண்டியது. அதை நைலான் கயிற்றில் கட்டி குவாட்டின் இடது மூலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "இருங்க கண்ணு, பாப்பீங்க" என்றார், அவ்வளவுதான்.

முதலில் 100 வாட். மீட்டரில் ஃபார்வர்டு முள் எழுந்து நின்றது, ரிஃப்ளெக்டட் முள் படுத்த படுக்கை. திருப்பி வருவது ஒன்றும் இல்லை என்று அர்த்தம், ஆன்டெனா கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. அண்ணா பிளேட் குமிழை ஒரு மயிரிழை திருப்பினார், லோடு குமிழை ஒரு மயிரிழை, 150, 200, டிரான்ஸ்பார்மர் முனகல் ஒரு சுருதி இறங்கியது, 250, "அண்ணா போதுங்ணா" என்று என் வாய் சொல்கிறது, மனசு "இன்னும் இன்னும்" என்கிறது, 300, எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது, 350, ரிஃப்ளெக்டட் முள் அசையவே இல்லை, மூங்கில் தம்பி மூங்கில், தோப்பிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த மூங்கில், 400! சட்டம் அனுமதிக்கும் கடைசிக் கோட்டில் முள் வந்து நிற்க, அண்ணா கையை எடுத்துவிட்டு ஜன்னலைக் காட்டி "இப்ப முற்றத்துக்குப் போயி மேல பாருங்க" என்றார். ஓடினேன். செருப்புப் போடாமல் ஓடினேன். தென்னை ஓலைகளுக்கு மேலே, கறுத்த வானத்தில், கம்பியே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், எந்த ஒயரும் இல்லாமல், எந்த சுவிட்சும் இல்லாமல், அந்தச் செத்துப்போன டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது! இழை அறுந்தது அதற்கு ஒரு பொருட்டே இல்லை, உள்ளே இருக்கும் வாயுவை ஆகாயத்து மின்புலமே பிடித்து உலுக்குகிறது, எரிகிறது. அதோடு விட்டாரா? உள்ளே அண்ணா மோர்ஸ் கீயில் கை வைத்தார். டா டிட் டா டிட், டா டா டிட் டா. மேலே விளக்கு அதே தாளத்தில் நீளமாக, குட்டையாக, நீளமாக, குட்டையாக மின்னுகிறது! சிக்யூ, சிக்யூ, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும் அழைப்பு, காதில் கேட்டுப் பழகியதை வாழ்க்கையில் முதன்முறையாக நான் கண்ணால் படித்தேன். தோட்டத்துக் காவலுக்கு இருந்தவர் டார்ச்சோடு வந்து என்னைப் பார்க்கிறார், நான் அண்ணாந்து பார்த்தபடி கையைத் தட்டிக் குதித்துக்கொண்டிருக்கிறேன், ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தால் தப்பே இல்லை. அப்புறம் உள்ளே ஓடிவந்தால் ஸ்பீக்கரில் இத்தாலிக்காரர் ஒருவர் அண்ணாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து பேசுகிற தெளிவில்!

அன்றைக்குப் பதினொரு மணி வரைக்கும் தூங்கவிடாமல் அண்ணாவைக் கேள்வியால் துளைத்தேன். பொழுது விடிந்ததும் அவர் தன் இன்னொரு பொக்கிஷத்தை எடுத்து வைத்தார். நீளக் கம்பி ஆன்டெனாவின் நுனியில் கரண்ட் ஊட்டும் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி. ஒன்றுக்கு நாற்பத்தொன்பது என்று சொல்லும் ரகம்: 50 ஓமை 2450 ஓமாக ஏற்றித் தரும். 400 வாட்டுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் வோல்ட் கிட்டத்தட்ட நிற்கும். அதற்குள்ளே கையகல ஃபெரைட் வளையம் ஒன்று. "பொட்டி தாங்குமா தாங்காதான்னு கேக்கறீங்கல்ல, வாங்க கேட்டுப் பாப்போம்" என்று வேண்டுமென்றே அதைச் சுட வைத்துக் காட்டினார்.

ஃபெரைட்டுக்கு ஒரு லட்சுமணக்கோடு உண்டு. கியூரி வெப்பநிலை என்பார்கள். இந்த வகை டிரான்ஸ்பார்மரில் அதிகம் புழங்கும் 43 ரகத்துக்கு அது 130 டிகிரியை ஒட்டி. அதைத் தாண்டினால் அந்த வளையம் தன் காந்த குணத்தையே மறந்துவிடும். நல்ல டிரான்ஸ்பார்மர்கூடப் பத்து சதவீதத்தை விழுங்கும் என்று வைத்துக்கொண்டால் 400 வாட்டில் 40 வாட் அந்தக் கையகல வளையத்தில் வெறும் சூடாகத் தங்கும். காற்றே புகாத பிளாஸ்டிக் பெட்டியில் அது எங்கே போகும்? எதிரே மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் எண் 1.3. கீயை அழுத்திப் பிடித்தார். 1.3, 1.3, 1.4... பெட்டிக்குள் நடப்பது எதுவும் தெரியாது, முள் மட்டும் கோள் சொல்கிறது. 1.6, 1.9, பார்த்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று 3-க்குத் தாவியது! அண்ணா கீயை விட்டார். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டினால் வளையத்தின் வெளிப்புறமே 120-ஐத் தாண்டியிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தால் 1.3, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆறியதும் திரும்ப வந்துவிட்டது! "இதுக்கு 400 ஆகாதுங்க. 100-க்கு ராஜா" என்று தீர்ப்புச் சொல்லிப் பெட்டியின் மேல் மார்க்கரில் எழுதியும் வைத்தார். குவாட்டின் கீழ் மூலையில் இருந்த பேலனையும் அதே தெர்மாமீட்டரால் சுட்டேன். அதே அளவு நேரம் 400-ஐ விழுங்கிய கையோடு பார்த்தும் அது காலை வெயிலைவிட ரெண்டே டிகிரி கூட. ரெண்டே டிகிரி!

இங்கேதான் பெட்டி மேல் அச்சடித்த எண்களின் சூட்சுமம் புரிந்தது. 1500 வாட் என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் அது எஸ்எஸ்பி உச்ச அளவு என்று போட்டிருப்பார்கள். எஸ்எஸ்பி என்பது குரலில் பேசுகிற முறை. அதில் பேசும்போது மூச்சு விடுகிறோம், வார்த்தைக்கு நடுவே நிறுத்துகிறோம். உச்சத்தில் 400 போனாலும் சராசரி கால் பங்கை எட்டினாலே அதிகம். ஃபெரைட் நடுநடுவே ஆறிக்கொள்ளும். ஆனால் இப்போது எல்லோரும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எஃப்டி8 என்று ஒன்று ஓட்டுகிறார்களே, அதில் 15 விநாடிச் சுற்றில் கிட்டத்தட்ட 13 விநாடி முழு மூச்சு, அடுத்த சுற்றில் ஓய்வு, மறுபடி முழு மூச்சு. அதே ஆன்டெனா, ஆனால் பாதியளவு பவரிலேயே பெட்டி வெந்துவிடும். வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான், எவ்வளவு நேரம் என்பது மீதி. இதற்கு மேல் நம் ஊர் சித்திரை வெயில் வேறு. மாடியில் கறுப்புப் பெட்டி டிரான்ஸ்மிட்டரே இல்லாமல் 60 டிகிரிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். குளிர்நாட்டு லேபில் எழுதிய எண்ணை அப்படியே நம்பி ஏற்றக் கூடாது, நான் கால்வாசியை என் கணக்கில் கழித்துவிடுவேன்.

கேபிளைப் பற்றியும் ரெண்டு வார்த்தை, இல்லாவிட்டால் அண்ணா கோபித்துக்கொள்வார். மெலிசான ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டருக்கு இழுத்து 144 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அனுப்பியதில் பாதிக்கு மேல் வழியிலேயே சூடாகப் போய்விடும். ஆன்டெனா தாங்குமா என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை, போய்ச் சேர்ந்தால்தானே தாங்க! குறும்அலைக்குத் தடித்த ஆர்ஜி-213 போட்டுவிட்டால் 400 வாட்டுக்குக் கவலையே வேண்டாம். எஸ்டபிள்யூஆர் 2 ஆனால் அனுப்பியதில் 11 சதவீதம் திரும்பும், 3 ஆனால் 25 சதவீதம். திரும்புவது கேபிளில் வருவதோடு மோதி ஓரிடத்தில் வோல்ட்டை ஏற்றும், ஓரிடத்தில் ஆம்பியரை ஏற்றும். எந்த இடம் பலவீனமோ அங்கே காரியம் முடிந்தது.

இதெல்லாம் 400 வாட் வீட்டுச் சங்கதி. பெரிய இடத்துக் கதைகளைக் கேட்டால் மயக்கமே வரும். 1934-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டபிள்யூஎல்டபிள்யூ என்ற நிலையம் 500 கிலோவாட்டில் ஒலிபரப்ப ஆரம்பித்தது. ஐந்து லட்சம் வாட்! வைரக்கல் வடிவில் 831 அடி உயரக் கோபுரம், கோபுரமே ஆன்டெனா. சுற்றுவட்டார வீடுகளில் சுவிட்சை அணைத்தாலும் விளக்கு அணையவில்லை, முள்வேலியும் கூரைத் தகரமும் பாட்டுப் பாடின என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். 1939-இல் 50 கிலோவாட்டுக்கு இறக்கிவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட், அண்ணா குவாட்டில் ஏற்றியதைப் போல ஐந்நூறு மடங்கு, கடல் தாண்டி இலங்கை முழுக்கக் கேட்கிற குரல். திருநெல்வேலி விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசும் நிலையம். 471 மீட்டர் உயரக் கோபுரங்கள்! 18.2 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலையின் நீளமே 16 கிலோமீட்டருக்கு மேல். அந்த அலைக்கு முன்னால் 471 மீட்டர் கோபுரமும் குள்ளம். குள்ள ஆன்டெனாவில் பவர் ஏற்றினால் வோல்ட் எகிறும், இந்த ரக நிலையங்களில் மேல்கம்பியில் லட்சம் வோல்ட்டைத் தாண்டுவதெல்லாம் சகஜம். கீட்டோவில் மூரைப் படுத்திய அதே கொரோனாதான் இங்கேயும் எல்லைக்கோடு. ஒரு தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கோபுரம் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் "இறங்கணுமா?" என்றார். இறங்க விட்டால்தானே!

எதிர்ப்பக்கமும் வேடிக்கைதான். அமெரிக்காவில் லாரி டிரைவர்கள் பேசுகிற சிபி ரேடியோவுக்குச் சட்டப்படி ஏஎம்மில் 4 வாட்தான். ஆனால் அந்த 4 வாட்டுக்கு விற்கிற ஃபைபர்கிளாஸ் ஆன்டெனாவின் மேல் 2000 வாட் தாங்கும் என்று எழுதியிருக்கும். யாருக்காக அந்த மிச்சம் 1996 வாட் என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

குறை ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டுமா? சரி. 100 வாட்டை 400 ஆக்கினால் அந்தப் பக்கம் கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஏறுவது எஸ் யூனிட் என்கிற ஒரே ஒரு படி. ஒன்றே ஒன்று. இத்தாலிக்காரருக்கு 100 வாட்டிலேயே நன்றாகத்தான் கேட்டிருக்கும். இதைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் யாரும் தோப்புக்கு மேலே டியூப் லைட் மோர்ஸில் மின்னுவதைப் பார்த்தவர்கள் இல்லை. அண்ணா டிரான்ஸ்மிட் பண்ணும்போது கீழ்வீட்டு காலிங் பெல் தானாக அடிக்கிறது, அதுவும் நிஜம். ஒரு ஃபெரைட் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது என் வீட்டு பால்கனிக்கு மேக்னடிக் லூப் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு மீட்டர் விட்டத்தில் ஒரே ஒரு செப்புக் குழாய் வளையம், அவ்வளவுதான் ஆன்டெனா. அதன் வாயில் இருக்கும் கெப்பாசிட்டருக்கு 100 வாட்டிலேயே ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறும், சாதாரண கெப்பாசிட்டர் என்றால் பொறிபறக்கும். பழைய சாமான் கடையில் தேடித் தேடிக் கண்ணாடிக்குள் காற்றை உறிஞ்சி அடைத்த வேக்குவம் கெப்பாசிட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. பக்கவாட்டில் 5 கிலோவோல்ட் என்று பொறித்திருக்கிறது. அண்ணாவுக்கு போட்டோ அனுப்பினேன். "முதல்ல 10 வாட்டுல ஆரம்பிங்க கண்ணு, நான் ஞாயித்துக்கிழமை வந்தர்றேன், அதுவரைக்கும் லீனியரத் தொடாதீங்க" என்று பதில் வந்திருக்கிறது. இன்றைக்கு வியாழன்தான் ஆகிறது.